திரும்பி வந்த ஒருவர்

சமாரியாவுக்கும் கலிலேயாவுக்கும் இடையிலுள்ள எல்லைப்பகுதி வழியாக இயேசுபிரான் ஜெருசலேமை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். வழியில் ஒரு கிராமத்தருகே தொழுநோயாளிகள் பத்துப் பேர் அவரைக் கண்டனர். அவர்கள் அவரை நெருங்கவில்லை. நெருங்க அவர்களுக்கு அனுமதியும் இல்லை. தொழுநோய் கண்டவர் ஊருக்குப் புறம்பே வாழ வேண்டும், தமது தீட்டைத் தாமே உரக்க அறிவிக்க வேண்டும் என்பது அக்காலத்து யூதச் சட்டம். ஆகவே எட்டி நின்றபடியே, தங்கள்மீது இரக்கம் காட்டுமாறு அவர்கள் குரலெழுப்பி வேண்டினர்.

இயேசுபிரான் அவர்களைத் தொட்டதாகவோ, அவர்களுக்கு மருந்து தந்ததாகவோ நற்செய்தி கூறவில்லை. சென்று குருமார்களிடம் தங்களைக் காட்டும்படி மட்டுமே அவர் சொன்னார். நோய் நீங்கியதா என்று சோதித்து, ஒருவரை மீண்டும் ஊருக்குள் சேர்க்கும் அதிகாரம் குருமார்களிடம் இருந்தது. பத்துப் பேரும் அவர் சொல்லை நம்பிப் புறப்பட்டனர். வழியில் நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களது நோய் நீங்கியது.

அவர்களுள் ஒருவர் மட்டும் தாம் குணமடைந்ததைக் கண்டு திரும்பி வந்தார். உரத்த குரலில் இறைவனைப் போற்றியபடி வந்து, இயேசுபிரானின் திருவடிகளில் முகங்குப்புற விழுந்து நன்றி செலுத்தினார். அவர் ஒரு சமாரியர். யூதர்கள் அந்நியராகக் கருதி ஒதுக்கி வைத்த இனத்தைச் சேர்ந்தவர். குணமடைந்தவர்கள் பத்துப் பேர் அல்லவா, மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசுபிரான் கேட்டார். பிறகு அந்தச் சமாரியரை எழுந்து செல்லப் பணித்து, அவரது நம்பிக்கையே அவரைக் காத்தது என்று அருளினார்.

லூக்கா நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் வரும் இந்த நிகழ்ச்சி மிகச் சிறியது. எனினும் கிறிஸ்தவ வாழ்வில் நன்றியறிதல் ஏன் ஒரு சாதனையாகவே போற்றப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் இடம் வேறில்லை எனலாம்.

ஒன்பது பேர் இழந்தது என்ன?

அந்த ஒன்பது பேரையும் தீயவர்கள் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. குருமார்களிடம் செல்லும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது, அவர்கள் சென்றார்கள். சட்டப்படி பார்த்தால் அவர்கள் செய்தது சரியானதே. பல ஆண்டுகளாகப் பிரிந்திருந்த மனைவி மக்களின் முகத்தை அன்றே பார்த்துவிட வேண்டும் என்ற துடிப்பும் அவர்களுள் சிலருக்கு இருந்திருக்கலாம். நன்றி மறந்ததற்காக அவர்கள் தண்டிக்கப்படவும் இல்லை. அவர்களது நோய் திரும்பி வந்ததாக நற்செய்தி கூறவில்லை.

அப்படியானால் அவர்கள் இழந்தது என்ன? கொடை அவர்களிடம் இருந்தது. கொடுத்தவரை அவர்கள் மீண்டும் சந்திக்கவில்லை. எட்டி நின்று கேட்டார்கள், எட்டி நின்றபடியே பெற்றுக்கொண்டார்கள், அப்படியே போய்விட்டார்கள். பத்துப் பேருள் அவரது காலடி வரை வந்தவர் ஒருவரே. உடல் நலம் பத்துப் பேருக்குக் கிடைத்தது. அவரது திருமுகத்தை அருகிலிருந்து காணும் பேறு ஒருவருக்கே கிடைத்தது.

தமிழில் ‘நன்றி’ என்னும் சொல்லைச் சற்று ஆராய்ந்தால் இக்கருத்து மேலும் தெளிவாகும். பழந்தமிழில் நன்றி என்பது செய்யப்பட்ட நன்மையையே குறித்தது. அந்த நன்மையை அறிந்திருத்தலே நன்றியறிதல். திருவள்ளுவர் தமது நூலின் 11-ஆம் அதிகாரத்திற்குச் செய்ந்நன்றியறிதல் என்று பெயரிட்டதும் இப்பொருளில்தான். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் இதே போன்ற ஒற்றுமை காணப்படுகிறது. அங்கே ‘காரிஸ்’ என்னும் ஒரே சொல் அருளையும் குறிக்கும், அருளுக்குச் செலுத்தும் நன்றியையும் குறிக்கும். மேலிருந்து வருவதும் கீழிருந்து திரும்பிச் செல்வதும் ஒன்றே என்பது போல இவ்விரு மொழிகளின் வழக்கும் அமைந்திருக்கிறது.

மகிழ்ச்சிக்கும் நன்றிக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. மகிழ்ச்சியின் பார்வை கிடைத்த பொருளின்மீது இருக்கிறது. நன்றியின் பார்வை அப்பொருளைக் கடந்து, கொடுத்தவரிடம் செல்கிறது. அன்று பத்துப் பேரும் மகிழ்ந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் நன்றி செலுத்தியவர் ஒருவரே.

அந்தச் சமாரியர் செய்தவற்றை லூக்கா வரிசையாகக் கூறுகிறார். அவற்றை மூன்று செயல்களில் அடக்கலாம்: அவர் கண்டார், திரும்பினார், பணிந்தார். கிறிஸ்தவ மரபில் தோன்றிய நன்றிப் பயிற்சிகள் அனைத்தும் இம்மூன்றில் அடங்கும்.

கண்டார்

முதலாவது, காணுதல். பத்துப் பேரின் உடலிலும் மாற்றம் நிகழ்ந்தது. தம் நலத்தை இறைவனின் செயலாகக் கண்டவர் ஒருவரே. மனித மனத்தின் இயல்பு இது. பல் வலிக்கும்போது அந்த ஒரு பல்லின் நினைவே நாள் முழுவதும் இருக்கிறது. வலி நின்ற மறுநாள் பல் இருப்பதே மறந்துவிடுகிறது. குறைகள் தாமாகவே கண்ணில் படுகின்றன. நிறைகளையோ முயன்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவேதான் காணுதலுக்கும் பயிற்சி தேவை.

இப்பயிற்சியை ஒழுங்குபடுத்தித் தந்தவர்களுள் முதன்மையானவர் புனித இக்னேஷியஸ் லயோலா. அவர் ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521-ஆம் ஆண்டு பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு தாக்கி அவரது கால் நொறுங்கியது. பல மாதங்கள் படுக்கையில் கிடந்தபோது, தமது மனத்தில் எழும் எண்ணங்கள் எவை அமைதி தருகின்றன, எவை வறட்சியை விட்டுச் செல்கின்றன என்று கவனிக்கத் தொடங்கினார். அந்தக் கவனிப்பே பின்னாளில் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் நூலாக மலர்ந்தது. அந்நூலுக்கு 1548-இல் போப்பாண்டவரின் ஒப்புதல் கிடைத்தது.

அதில் நாள்தோறும் செய்ய வேண்டிய ஆன்ம சோதனை ஒன்றை அவர் ஐந்து படிகளாக வகுத்திருக்கிறார். முதற்படி, பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி செலுத்துதல். இரண்டாவது, தன் பாவங்களை அறியவும் அவற்றை விலக்கவும் அருள் வேண்டுதல். மூன்றாவது, காலையில் எழுந்ததிலிருந்து அந்த நேரம் வரையிலான எண்ணம், சொல், செயல் ஆகியவற்றை மணிக்கு மணி ஆராய்தல். நான்காவது, மன்னிப்புக் கேட்டல். ஐந்தாவது, இறையருளால் திருந்துவதற்கு உறுதி பூணுதல்.

ஆன்ம சோதனை என்றால் குற்றங்களைத் தேடுவது என்றே பலரும் எண்ணுகின்றனர். இக்னேஷியஸோ நன்றியை முதலில் வைத்தார். அதில் ஆழ்ந்த பொருள் உண்டு. தன் குற்றங்களை மட்டும் நோக்கும் மனம் இரண்டில் ஒரு குழியில் விழுகிறது. ஒன்று, சோர்ந்து போகிறது; அல்லது குற்றங்களை எண்ணுவதிலேயே ஒருவித சுய ஈடுபாடு கொண்டுவிடுகிறது. முதலில் அன்றைய நாளின் நன்மைகளைக் கண்டுவிட்டால், பிறகு குற்றங்களைப் பார்க்கும் முறையே மாறுகிறது. இவ்வளவு தந்தவரிடமா இப்படி நடந்துகொண்டோம் என்ற உணர்வு எழுகிறது. அப்போது வருவது அச்சத்தால் வரும் வருத்தமன்று, அன்பால் வரும் வருத்தம். 1542-இல் தமது தோழர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பாவங்கள் அனைத்துக்கும் மூலமும் தொடக்கமும் நன்றியின்மையே என்னும் கருத்தை அவர் குறிப்பிட்டிருக்கிறார். தீமைகளுள் வெறுக்கத்தக்கதாக அவர் அதைக் கருதினார்.

இப்பயிற்சியைச் செய்பவர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பொதுவாக ‘எல்லா நன்மைகளுக்கும் நன்றி’ என்று சொல்லி முடிப்பது எளிது. அதில் பார்வை எதுவும் இல்லை. காலையில் நெரிசலான ரயிலில் யாரோ ஒருவர் எழுந்து இடம் கொடுத்தது, நீண்ட நாள் பேசாதிருந்த தம்பியிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்பு, காய்ச்சல் தணிந்து குழந்தை உறங்கியது என்று பெயரிட்டுச் சொல்லும்போதுதான் மனம் உண்மையில் காண்கிறது.

திரும்பினார்

இரண்டாவது, திரும்புதல். போகும் வழியை நிறுத்தி, வந்த திசையில் மீண்டும் நடக்க அந்தச் சமாரியர் மனம் கொண்டார். அன்றாட வாழ்வில் இதற்கு இடம் எங்கே? மனிதன் ஓடிக்கொண்டே இருக்கிறான். ஓட்டத்தின் நடுவே சில இடங்களில் நின்று திரும்பும்படி கிறிஸ்தவப் பெரியோர்கள் வழிகளை அமைத்திருக்கிறார்கள்.

அவற்றுள் தலையானது உணவு வேளை. இயேசுபிரான் உணவைக் கையிலெடுக்கும்போதெல்லாம் நன்றி செலுத்தியதாக நற்செய்திகள் கூறுகின்றன. ஐயாயிரம் பேர் பசித்திருந்தபோது அவரிடம் இருந்தவை ஒரு சிறுவன் கொண்டுவந்த ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களுமே. அவை போதா என்பது சீடர்களுக்குத் தெரிந்திருந்தது. அவரோ அவற்றைக் கையிலெடுத்து நன்றி செலுத்தினார். உணவு பெருகிய பிறகு அவர் நன்றி சொல்லவில்லை. பெருகுவதற்கு முன்பே, போதாமல் இருந்தபோதே சொன்னார். தாம் காட்டிக்கொடுக்கப்படப் போகும் இரவிலும், மறுநாள் நிகழவிருப்பதை அறிந்த நிலையிலும், அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்து நன்றி செலுத்தினார். திருச்சபையின் தலையாய வழிபாட்டிற்கே நன்றி செலுத்துதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் பெயராயிற்று. தமிழ்க் கத்தோலிக்கர்கள் நற்கருணை என்று அழைப்பது அதையே. கோயிலில் நடைபெறும் அந்தப் பெரிய நன்றியின் சிறு வடிவமே வீட்டில் உண்பதற்கு முன் சொல்லும் பிரார்த்தனை.

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட், துறவியருக்கென எழுதிய ஒழுங்குமுறை நூலில் இத்தகைய இடங்கள் பல உள்ளன. துறவியர் வாரம் ஒருவராக முறை வைத்துச் சமையற்கூடத்தில் பணிபுரிய வேண்டும். முறை முடிந்தவர் ஞாயிற்றுக்கிழமையன்று பிரார்த்தனைக் கூடத்திற்கு வந்து, தமக்கு உதவி செய்து ஆறுதல் அளித்த இறைவனை மூன்று முறை போற்றி, அதன் பிறகே விடைபெற வேண்டும். பாத்திரம் கழுவியதும் துணி துவைத்ததும் அந்த நன்றியில் வந்து முடிகின்றன.

அதே நூலில் மடத்தின் வாயிற்காவலருக்கு ஒரு விதி இருக்கிறது. யாரேனும் கதவைத் தட்டினாலோ, ஏழை ஒருவர் குரல் கொடுத்தாலோ, உடனே அவர் இறைவனுக்கு நன்றி என்று மறுமொழி கூற வேண்டும். வந்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. வருபவர் எதையேனும் கொண்டு வருகிறாரா, கேட்க வருகிறாரா என்பதும் தெரியாது. எனினும் கதவைத் திறக்கும் முன்பே நன்றி பிறந்துவிட வேண்டும். பணிக்கு இடையூறாக வரும் ஒவ்வொரு தட்டலையும் சலிப்போடு வரவேற்கும் மனிதனுக்கு இந்த ஒரு விதியே போதிய சாதனையாகும். திராட்சை இரசம் கிடைக்காத இடத்தில் வாழும் துறவியர் முணுமுணுக்காமல் இறைவனைப் போற்ற வேண்டும் என்றும் பெனடிக்ட் கூறுகிறார். முணுமுணுப்பை அவர் அந்நூலில் திரும்பத் திரும்பக் கண்டிக்கிறார். நன்றியின் நேர்ப்பகை அதுவே என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார் போலும்.

இதெல்லாம் துறவியருக்குப் பொருந்தும், குடும்பத்தினருக்கு எப்படி என்று கேட்கலாம். அதற்கு விடை நம் நாட்டின் வடகிழக்கு மலைகளில் இருக்கிறது. மிசோரமில் உள்ள பிரஸ்பிட்டேரியன் திருச்சபையைச் சேர்ந்த பெண்கள் 1910-ஆம் ஆண்டு முதல் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்து வருகின்றனர். ஒவ்வொரு வேளையும் உலை வைப்பதற்கு முன், குடும்பத்திற்கென அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு கலத்தில் போட்டு வைக்கிறார்கள். மிசோ மொழியில் இதற்கு ‘புஃபாய் தாம்’, அதாவது பிடியரிசி என்றே பெயர். வீடு வீடாகத் திரட்டப்படும் இந்த அரிசி விற்கப்பட்டு, அப்பணம் திருச்சபையின் பணிகளுக்குப் பயன்படுகிறது. கையில் பணப்புழக்கம் இல்லாத ஏழைக் குடும்பங்களும் கொடுக்க முடிந்தது என்பது இதன் சிறப்பு. ஒரு பிடி குறைந்ததால் எந்தக் குடும்பமும் பட்டினி கிடப்பதில்லை. ஆனால் அடுப்பின் முன் நிற்கும் அந்தப் பெண், அரிசிப் பானைக்குள் கைவிடும் ஒவ்வொரு முறையும் அந்த உணவைத் தந்தவரிடம் ஒரு கணம் திரும்பிச் செல்கிறார். நூறாண்டுகளுக்கும் மேலாக, நாளுக்கு இருமுறையோ மும்முறையோ நடந்து வரும் நன்றி அது.

பணிந்தார்

மூன்றாவது, பணிதல். அந்தச் சமாரியர் காலடியில் விழுந்தார். இந்தப் பணிவு இல்லாவிடில் நன்றியே திரிந்து வேறொன்றாகிவிடும் என்பதை லூக்கா அடுத்த அதிகாரத்திலேயே காட்டுகிறார். பரிசேயர் ஒருவரும் வரி வசூலிப்பவர் ஒருவரும் பிரார்த்தனை செய்ய ஆலயத்திற்குச் சென்ற உவமை அது. அங்கே பரிசேயரின் பிரார்த்தனை நன்றியோடுதான் தொடங்குகிறது. கொள்ளையரைப் போலவோ, அநீதி செய்வோரைப் போலவோ, அருகில் நிற்கும் இந்த வரி வசூலிப்பவரைப் போலவோ தாம் இல்லாததற்காக அவர் இறைவனுக்கு நன்றி செலுத்துகிறார்.

இந்த நன்றி இன்றும் மிகப் பரவலாகக் காணப்படுவது. காலில்லாதவரைக் கண்டதும் தனக்குக் கால் இருப்பதை எண்ணி ஆறுதல் கொள்வது, அடுத்த வீட்டுப் பிள்ளை தேர்வில் தோற்றதைக் கேட்டதும் தன் பிள்ளையை எண்ணி இறைவனைப் போற்றுவது ஆகியவை இத்தகையவை. பிறருடைய குறை தன் நிறைக்கு அளவுகோலாகும்போது, அந்த நன்றியில் பாதி பெருமை கலந்திருக்கிறது. பிறருடைய துன்பத்தின்மீது ஏறி நின்று செலுத்தும் நன்றி அது. காலில்லாதவரைக் கண்ட மனத்தில் எழ வேண்டியது இரக்கம். அவருக்கு ஆற்ற வேண்டியது உதவி. ஒப்பிட்டுப் பிறக்கும் நன்றி, நாளை தன்னைவிட அதிகம் பெற்ற ஒருவரைக் கண்டதும் பொறாமையாக மாறிவிடும். பணிவில் பிறந்த நன்றிக்கோ ஒப்பீடு தேவையில்லை. தான் பெற்றது எதுவும் தனக்கு உரிமையாகச் சேர வேண்டியதன்று என்ற உணர்வே அதற்குப் போதும்.

துன்பத்தின் நடுவே

இனிக் கடினமான கேள்விக்கு வருவோம். தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், எல்லா நிலையிலும் நன்றி செலுத்துமாறு புனித பவுல் அறிவுறுத்துகிறார். குழந்தையை இழந்த தாயிடம் இதைச் சொல்ல முடியுமா? சொன்னால் அது கொடுமையாகாதா?

முதலில் பவுல் எத்தகையவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பிலிப்பி நகரில் அவரும் சீலாவும் பிரம்பால் அடிக்கப்பட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, உட்சிறையில் கிடந்தபோது நள்ளிரவில் பிரார்த்தனை செய்து பாடினார்கள் என்றும், மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றும் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. பின்னாளில் வேறொரு சிறையிலிருந்து அதே நகரத்து அன்பர்களுக்கு அவர் எழுதிய திருமுகத்தில், எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகக் குறிப்பிடுகிறார். கற்றுக்கொண்டது என்பதால் அது அவருக்கும் இயல்பாக வரவில்லை என்பது புலனாகிறது.

அடுத்து, அவர் சொன்னதைக் கூர்ந்து நோக்க வேண்டும். எல்லா நிலையிலும் என்பது அவர் சொன்னது. நிகழும் தீமையை நன்மை என்று அழைக்குமாறு அவர் கூறவில்லை. லாசருவின் கல்லறைக்குச் செல்லும்போது இயேசுபிரான் கண்ணீர் விட்டார். சற்று நேரத்தில் கல்லறை முன் நின்று தந்தைக்கு நன்றி செலுத்தினார். நன்றி வந்ததால் கண்ணீர் பொய்யாகவில்லை; கண்ணீர் வந்ததால் நன்றி தடைபடவும் இல்லை. சங்கீதங்களில் பெரும் பகுதி முறையீடுகளே. இறைவன் தன்னைக் கைவிட்டதாகக் கதறித் தொடங்கும் 22-ஆம் சங்கீதம் போற்றுதலில் முடிகிறது. சிலுவையில் இயேசுபிரான் உரைத்தது அதன் தொடக்கத்தையே. அழுகையை விழுங்கிவிட்டுச் சொல்லும் நன்றியைக் கிறிஸ்தவ வேதம் யாரிடமும் கேட்கவில்லை.

ஜெர்மனியின் சாக்ஸனி பகுதியில் எய்லன்பர்க் என்னும் சிறு நகரம் இருக்கிறது. அங்கே மார்ட்டின் ரிங்கார்ட் என்பவர் லூத்தரன் போதகராகப் பணிபுரிந்தார். 1618-இல் தொடங்கிய முப்பதாண்டுப் போர் அந்நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்தது. மதில் சூழ்ந்த நகரம் என்பதால் அகதிகள் அங்கே வந்து குவிந்தனர். 1637-இல் கொள்ளைநோய் பரவியது. மற்றப் போதகர்களும் இல்லாத நிலையில், இறந்தவர்களை அடக்கம் செய்யும் பொறுப்பு ரிங்கார்ட் ஒருவர்மீது விழுந்தது. சில நாட்களில் 40, 50 பேருக்கு அவர் இறுதிச் சடங்கு செய்ய வேண்டியிருந்தது. அந்த ஓராண்டில் அவர் அடக்கம் செய்தவர்கள் 4,000-க்கும் மேற்பட்டோர் என்று சொல்லப்படுகிறது. அவருடைய மனைவியும் அந்த ஆண்டே இறந்தார். தொடர்ந்து பஞ்சமும் வந்தது.

இன்று உலகெங்கும் பல மொழிகளில் பாடப்படும் ஒரு நன்றிப் பாடலை இயற்றியவர் இவரே. போர் முடிந்து சமாதானம் வந்த மகிழ்ச்சியில் அவர் அதை இயற்றினார் என்று சிலர் கூறுவதுண்டு. உண்மையில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது 1648-இல். பாடலோ அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, போரின் நடுவிலேயே பிறந்துவிட்டது. உணவு வேளையில் சொல்வதற்கான ஒரு சிறு பிரார்த்தனையாகவே அவர் அதை எழுதினார். சுற்றிலும் பசியும் சாவும் நிறைந்திருந்த நகரத்தில், உணவின் முன் சொல்வதற்கு ஒரு தந்தை தன் பிள்ளைகளுக்குக் கற்பித்த நன்றி அது. மனைவியின் சவக்குழியருகே நின்ற நாளில் அவருக்கு அந்தச் சொற்கள் எளிதாக வந்திருக்கும் என்று எண்ணுவது தவறு. ஆனால் நல்ல நாட்களில் நாவில் பதிந்திருந்த நன்றி, கொடிய நாட்களில் அவர் பற்றி நிற்பதற்கு ஒரு கொம்பாக இருந்திருக்கும். அன்றாடப் பயிற்சியின் தேவை இங்கேதான் விளங்குகிறது. வெள்ளம் வந்த பிறகு நீந்தக் கற்றுக்கொள்ள முடியாது.

நம் காலத்திற்குச் சற்று நெருங்கிய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. ஹாலந்து நாட்டின் ஹார்லெம் நகரில் கடிகாரக் கடை நடத்தி வந்த டென் பூம் குடும்பத்தினர், நாஜிப் படையினரிடமிருந்து யூதர்களைத் தங்கள் வீட்டில் மறைத்துக் காத்தனர். 1944 பிப்ரவரியில் அவர்கள் கைது செய்யப்பட்டனர். முதியவரான தந்தை பத்து நாட்களில் காவலில் இருந்தபோதே இறந்தார். மகள்கள் பெட்சியும் கோரியும் இறுதியில் ஜெர்மனியின் ராவென்ஸ்புரூக் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் அடைக்கப்பட்ட கூடத்தில் தெள்ளுப்பூச்சிகள் மொய்த்தன. பவுலின் அறிவுரையை நினைவூட்டிய பெட்சி, சகோதரிகள் இருவரும் ஒன்றாக இருப்பதற்காக நன்றி செலுத்தினார். மறைத்துக் கொண்டுவர முடிந்த வேதாகமத்திற்காக நன்றி செலுத்தினார். பிறகு அந்தத் தெள்ளுப்பூச்சிகளுக்காகவும் நன்றி செலுத்தினார். அதைக் கோரியால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தெள்ளுப்பூச்சிக்கு நன்றி சொல்லத் தன்னால் ஆகாது, இதில் அக்காள் கூறுவது தவறு என்றே அவர் எண்ணினார். நாட்கள் சென்ற பின்னர், அந்தக் கூடத்தில் மட்டும் காவலர்கள் நுழையாததும், பெண்கள் அச்சமின்றி வேதம் வாசிக்க முடிந்ததும் அந்தத் தெள்ளுப்பூச்சிகளால்தான் என்பது தெரியவந்தது. இதைக் கோரியே 1971-இல் வெளியான தமது நூலில் பதிவு செய்திருக்கிறார்.

தெள்ளுப்பூச்சியும் நன்மைக்கே என்று சொல்லி இந்த நிகழ்ச்சியை முடித்துவிடுவது எளிது. அது போதாது. பெட்சி 1944 டிசம்பரில் அதே முகாமில் நோயுற்று இறந்தார். அந்த மரணத்திற்குத் தெள்ளுப்பூச்சிக்குக் கிடைத்தது போன்ற விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே விளக்கம் கிடைத்ததால் பெட்சி நன்றி செலுத்தவில்லை என்பதே இங்கு உணரத்தக்கது. விளக்கம் கிடைக்கும் முன்பே, கிடைக்குமா என்று அறியாமலே அவர் செலுத்தினார். அவர் நம்பியது நிகழ்ச்சியை அன்று, இறைவனை. கோரியின் தயக்கமும் மதிப்பிற்குரியதே. உள்ளத்தில் இல்லாததை அவர் உதட்டால் சொல்லவில்லை.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கையையும் பெறலாம். துன்பத்தில் நன்றி செலுத்துவது ஒருவர் தமக்குத் தாமே மேற்கொள்ள வேண்டிய சாதனை. பிறரிடம் கட்டளையாக விதிக்கத் தக்கதன்று. பெட்சி தாமும் அதே கூடத்தில் படுத்திருந்தபடிதான் அதைச் சொன்னார். துக்க வீட்டிற்குச் செல்பவரின் கடமை, அழுவோரோடு அழுவது என்பதே பவுல் ரோமருக்கு எழுதிய திருமுகத்தில் கூறுவது. அதுபோலவே, உழைத்தவனுக்குக் கூலி மறுத்துவிட்டு, உள்ளதற்கு நன்றியோடு இரு என்று போதிப்பதும் பாவமாகும். மறுக்கப்பட்ட கூலி இறைவனிடம் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் திருமுகம் கடுமையாக உரைக்கிறது.

நன்றியின் கனி

நன்றி உண்மையானதா என்பதை அதன் கனியால் அறியலாம். மத்தேயு நற்செய்தியில் ஓர் உவமை வருகிறது. அரசனிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன், அவன் காலில் விழுந்து கெஞ்சி முழுக்கடனுக்கும் மன்னிப்புப் பெறுகிறான். ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். அப்படியானால் அவனுக்குத் தள்ளுபடியானது 6 கோடி நாள் கூலி. எத்தனை பிறவி எடுத்தாலும் ஒருவன் சம்பாதிக்க முடியாத தொகை அது. அவன் வெளியே வந்ததும், தனக்கு 100 தெனாரியம் தர வேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான்.

அவனும் அன்று மகிழ்ச்சியோடுதான் அரண்மனையிலிருந்து வெளியே வந்திருப்பான். ஆனால் பெற்றதைப் பெற்றதாக அவன் அறியவில்லை. அறிந்திருந்தால் அந்தக் கை கழுத்தைப் பிடிக்க நீண்டிருக்காது. நன்றியறிந்த உள்ளம் மன்னிக்கிறது, பகிர்கிறது, கதவைத் தட்டுபவரைச் சலிப்பின்றி வரவேற்கிறது. காலையில் பிரார்த்தனை செய்துவிட்டு, பகலில் வேலைக்காரரைக் கடிந்து விரட்டுபவரின் நன்றி இன்னும் கையைச் சென்றடையவில்லை.

இத்தகைய வாழ்வைத் தொடங்குவதற்குப் பெரிய முயற்சி தேவையில்லை. நாளை காலை உணவின் முன் ஒரு கணம் நிற்கலாம். அந்த உணவை விளைவித்தவர், சுமந்து வந்தவர், சமைத்தவர் ஆகியோருள் ஒருவரையாவது நினைத்து, அவர்கள் அனைவர் வழியாகவும் கொடுத்த இறைவனை நினைக்கலாம். சமைத்தவர் எதிரிலேயே இருந்தால் அவரிடமும் ஒரு சொல் சொல்லலாம். பல இல்லங்களில் ஆண்டுக்கணக்காகச் சொல்லப்படாமல் இருக்கும் சொல் அது. வேலை முடிந்ததும் இருக்கையை விட்டு எழும் முன் ஒருமுறை இறைவனைப் போற்றலாம். இரவில் விளக்கை அணைத்த பின், அன்று பெற்றவற்றுள் மூன்றை மட்டும் பெயர் சொல்லி எண்ணலாம். நன்றி சொல்ல மனம் வராத நாளில், மனம் வரவில்லை என்பதையே இறைவனிடம் உண்மையாகச் சொல்லலாம். அதுவும் அவர் பக்கமாகத் திரும்புவதே.

அந்தச் சமாரியர் திரும்பி வந்த தூரம் எவ்வளவு என்று லூக்கா கூறவில்லை. நெடுந்தூரம் இருந்திருக்க முடியாது. குருமார்களை அவர்கள் இன்னும் சென்றடையவில்லை. முன்பு எட்டி நின்று குரலெழுப்பிய இடத்தைக் கடந்து, இயேசுபிரானின் காலடி வரை நடக்க வேண்டியிருந்தது, அவ்வளவே. அந்த நடையை அவர் நடந்தார். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசுபிரான் கேட்ட கேள்விக்கு விடை நற்செய்தியில் எழுதப்படவில்லை. அவர்களும் திரும்பி வருவதற்கான வழி இன்றும் திறந்தே இருக்கிறது.